அவிழ்த்துப் போட்ட கட்டுமரம்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி முதன்முதலாக மெட்ராஸ் கடற்கரைக்குப் போனபோது, என் கண்ணில் முதலில் பட்டது கடல் அல்ல, மரம். மணலில் நாலைந்து கட்டைகள் தனித்தனியாகக் காய்ந்துகொண்டிருந்தன. 'இதாம்பா கட்டுமரம். போறப்ப கட்டுவோம், வந்தா அவுத்துடுவோம்' என்றார் ஒரு பெரியவர். மலைவேம்பு மாதிரி எடை குறைந்த மரங்களைத்தான் இதற்குத் தேடுவார்களாம். மலைக்காரனுக்குக் கடல் சொந்தமானது அந்த வழியில்தான்.

அரூப ஓவியம் என்றால் பொருளின் சாயலை உரித்துவிட்டுக் கோடு, பரப்பு, நிறம், தாளம் இவற்றை மட்டும் வைத்துக்கொள்வது என்கிறார்கள். அப்படியானால் கட்டுமரத்தைக் கண்டவர்கள் அந்தக் காரியத்தை எப்போதோ செய்துவிட்டார்கள். படகுக்கு உட்குழிவு வேண்டும். இதற்கு அது கிடையாது. மேலேறும் அலை இடுக்கு வழியாக வடிந்துபோகிறது. மிதப்பதற்குத் தேவையானது மட்டும்தான் மிச்சம். இதன் பெயரை ஆங்கிலம் 17ஆம் நூற்றாண்டிலேயே எடுத்துக்கொண்டது. இன்று அங்கே அந்தச் சொல் இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது. சொல் கப்பலேறிவிட்டது, கட்டியவன் கரையில் நின்றுவிட்டான்.

மெட்ராஸ் ஓவியப் பள்ளியில் 1957இல் ராய் சௌத்ரிக்குப் பின் முதல்வரானவர் கே.சி.எஸ். பணிக்கர். 1963 வாக்கில் 'வார்த்தைகளும் குறியீடுகளும்' வரிசையைத் தொடங்கினார்: வாசிக்க முடியாத எழுத்து, ஜாதகக் கட்டம், கணக்குக் குறிகள். 1966இல் ஓவியர்கள், சிற்பிகள் முப்பது பேரளவில் சேர்ந்து ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலத்தை உருவாக்கினார்கள். பத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற காசில் நிலம் வாங்கினார்கள். கலைஞன் தன் கையுழைப்பில் நின்ற அந்த முயற்சியை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் இந்த இயக்கத்தின் சுதேசித்தன்மை பற்றி நான் படித்ததிலெல்லாம் எழுத்தும் தாந்திரீகமும் வருகின்றன. எதிரே மணலில் கிடந்த கட்டுமரம் வருவதில்லை. கோயிலிலும் ஏட்டிலும் இருப்பதுதான் மரபா? மீனவன் கைக்குள் இருப்பது வெறும் தொழிலா?

இது ரசனைப் பிரச்சினை மட்டுமல்ல. ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை 1959இலிருந்து மெரினாவில் நிற்கிறது. அதே மெரினாவை 'அழகுபடுத்த' 1985இல் எம்.ஜி.ஆர். அரசு கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்றியது. மீனவர்கள் எதிர்த்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. வெண்கல உழைப்பாளி அழகு, உயிருள்ளவனின் கட்டுமரம் அசிங்கம் என்றது அந்த அழகியல். உருவமா அரூபமா என்று நாம் போட்ட சண்டைகளுக்கு நடுவே இந்தக் கேள்வி விழவேயில்லை: சித்திரத்துக்குள் எடுத்துக்கொண்ட படகுக்கு வெளியே நிற்க இடம் இருக்கிறதா?

2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகிவிட்டன, கட்டுமரம் அரிதாகிவிட்டது. இன்று துறைமுகத்தையும் படகையும் அரூபமாகத் தீட்டுகிற நண்பர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனா யாரு கட்டுன கயிறுன்னு கேட்டுட்டு எடுங்க.