நாற்காலிக்கு இரண்டு காசு

97 குதிரை, 21 நாய், 3 வல்லூறு. ஏதோ குறுநில மன்னர் வேட்டைக்குக் கிளம்பிய கணக்கு மாதிரி இருக்கிறதா? இல்லை சார். 13-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் பிரிட்லிங்டன் மடத்துக்குச் சொந்தமான தேவாலயத்தை 'மேற்பார்வை' பார்க்கப் போன ரிச்மண்ட் ஆர்ச்டீக்கனின் பரிவாரம் அது. ஆர்ச்டீக்கன் என்பவர் பிஷப்கூடக் கிடையாது. பிஷப் சார்பில் ஊர் ஊராகச் சுற்றும் அதிகாரி. அத்தனை வாய்க்கும் தீனி போட வேண்டியது உள்ளூர்க்காரர்கள். புகார் நேராக போப் மூன்றாம் இன்னொசென்ட்டுக்கே போய்விட்டது.

ஆரம்பத்தில் விஷயம் இவ்வளவு விவகாரமாக இல்லை. ஒரு நகரம், ஒரு பிஷப், ஒரே உண்டியல். வந்த காசை நாலு பங்காகப் பிரித்து பிஷப்புக்கு ஒன்று, குருமாருக்கு ஒன்று, ஏழைகளுக்கு ஒன்று, கட்டடச் செலவுக்கு ஒன்று என்று போப் கெலேசியஸ் 494-ல் எழுதி வைத்தார். அப்புறம் கிராமங்களில் தேவாலயங்கள் முளைத்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வருமானம். 'அதில் எனக்கு எவ்வளவு?' என்று பிஷப்புகள் கேட்க ஆரம்பித்தார்கள்.

இன்றைய போர்ச்சுகலில் இருக்கும் பிராகாவில் 572-ல் கூடிய சங்கம் இதற்குக் கடிவாளம் போட்டது. காணிக்கையில் மூன்றில் ஒரு பங்கைப் பிஷப் கேட்கக் கூடாது. அது கோவில் விளக்குக்கும் பழுது பார்ப்பதற்கும். பிஷப்பின் நாற்காலிக்கு மரியாதையாக இரண்டு சாலிடஸ் காசு மட்டும் வாங்கிக்கொள்ளலாம். நாற்காலிக்கு லத்தீனில் 'கதீட்ரா'. அதனால் இந்த வரிக்குப் பெயர் 'கதீட்ராட்டிகம்'. கூடவே இன்னொன்றும் சொன்னார்கள்: பங்கு சாமியார்களை அடிமை மாதிரி வேலை வாங்கக் கூடாது. வாங்கியிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்!

இரண்டு காசு, பி.காம். பாஷையில் சொன்னால், ஃபிக்ஸட் காஸ்ட். அது யாரையும் கொல்லவில்லை. கொன்றது வேரியபிள் காஸ்ட்தான். பிஷப் பங்குகளைச் சுற்றிப் பார்க்க வரும்போது சோறும் படுக்கையும் குதிரைக்குத் தீவனமும் அந்தந்தப் பங்கின் பொறுப்பு. வருகிற கூட்டத்துக்கு யார் கணக்கு வைப்பது?

1179-ல் மூன்றாம் லாட்டரன் பொதுச்சங்கம் வைத்தது. சில ஊர்களில் விருந்துச் செலவுக்காகக் கோவில் பூசைப் பொருட்களையே விற்கிறார்கள், பல நாள் சாப்பாடு ஒரு மணி நேரத்தில் காலியாகிறது என்று அந்தச் சங்கமே ஒப்புக்கொண்டது. உடனே ஒரு ரேட் கார்டு: பேராயருக்கு அதிகபட்சம் 50 குதிரை, கர்தினாலுக்கு 25, பிஷப்புக்கு 30, ஆர்ச்டீக்கனுக்கு 7. வேட்டை நாயும் பறவையும் கூடவே கூடாது. நம்ம ரிச்மண்ட்காரர் 97 குதிரையோடு கிளம்பியது இந்தச் சட்டம் வந்த பிறகு!

மெல்ல மெல்ல விருந்து பணமாக மாறியது. பிரான்சில் ரூவான் பேராயர் யூட் ரிகோ, 1248 முதல் சுமார் 20 வருஷம் தான் போன இடங்களையும் அங்கங்கே கிடைத்த படியையும் ஒரு பதிவேட்டில் குறித்து வைத்திருக்கிறார். பணம் வாங்குவதில் ஒரு சௌகரியம், நேரில் வராமலேயே வாங்கலாம். அந்தக் கூத்தும் நடந்தது. 1563-ல் டிரென்ட் சங்கம், 'சின்னப் பரிவாரத்தோடு போ, சீக்கிரம் முடி, எளிமையாகச் சாப்பிடு' என்றது. சாப்பாடா பணமா என்று தீர்மானிக்கும் உரிமையைப் பங்குக்கே கொடுத்தது.

நாற்காலி வரி 1917-ம் வருஷ திருச்சபைச் சட்டத்தில்கூட இருந்தது. 1983-ம் வருஷச் சட்டத்தில் அந்தப் பெயர் இல்லை. மறைமாவட்டத் தேவைக்காகப் பங்குகளின் வருமானத்துக்கு ஏற்ற மிதமான வரியை ஆயர் போடலாம். அதற்கு முன் நிதிக்குழுவையும் குருக்கள் மன்றத்தையும் கேட்டாக வேண்டும். கேட்டால் போதும், அவர்கள் சொன்னபடிதான் நடக்க வேண்டும் என்றில்லை.