போடிமெட்டின் இரு பக்கமும் ஒரே பெயர்

போடிநாயக்கனூரில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் போடிமெட்டு ஏறி, மாலையில் இறங்குவார்கள். சிலர் மலையிலேயே லயங்களில் தங்கிவிடுவார்கள். 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது ஏலமலை கேரளத்தில் சேர்ந்தது, போடி தமிழகத்தில் நின்றது. குடும்பங்களோ இரண்டு பக்கமும் இருந்தன.

அதனால் ஒரே ஆளின் பெயர் இரண்டு வாக்காளர் பட்டியலிலும் ஏற வாய்ப்பு உண்டானது. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு இதற்கு இடம் தருவதில்லை. சரி, அப்படி இருப்பவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

பட்டியலுக்கு 2 லட்சம் பெயர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பெயரையும் மற்றதிலுள்ள எல்லாப் பெயரோடும் ஒப்பிட்டால் 4,000 கோடி ஒப்பீடுகள்! இந்தச் சிக்கலுக்கு வழி எப்போதோ கிடைத்துவிட்டது. 1945-இல் ஜான் வான் நாய்மன், கணினியில் வரிசைப்படுத்தி இணைக்கும் முறையை எழுதினார். இரண்டு பட்டியலையும் அகரவரிசையில் அடுக்கிவிட்டால், இரண்டிலும் ஒவ்வொரு விரல் வைத்து மேலிருந்து கீழே ஒரே முறை இறங்கினால் போதும். அடுக்குவதையும் சேர்த்து ஏறத்தாழ 75 லட்சம் ஒப்பீடுகளில் வேலை முடிந்துவிடும்.

1953-இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் இன்னொரு வழி சொன்னார். அதுதான் ஹாஷிங். நம் ஊரில் ஏலக்காயைச் சல்லடையில் சலித்து ரகம் பிரிப்பார்கள் அல்லவா? 8 மி.மீ. காயை 8 மி.மீ. குவியலில்தான் தேடுவோம். அதுபோல ஒவ்வொரு பெயரையும் கணக்குப் போட்டு ஓர் எண்ணாக்கி, அந்த எண்ணுக்குரிய பெட்டியில் போட்டுவிட்டால், அந்தப் பெட்டியில் மட்டும் தேடினால் போதும்.

1998-இல் தேர்தல் ஆணையம் எல்லாப் பட்டியல்களையும் கணினியில் ஏற்ற முடிவு செய்தது. அதன்பின் வேகம் ஒரு பிரச்சினையே இல்லை. பெயர்தான் பிரச்சினை! தமிழ்ப் பட்டியலில் 'கருப்பசாமி', மலையாளப் பட்டியலில் 'கருப்புசாமி' என்று இருந்தால் கணினிக்கு அவர்கள் இரண்டு பேர். ஒரே பெயர், ஒரே வயதுள்ள இருவரோ அதற்கு ஒரே ஆள்.

2021 ஏப்ரல் 6 அன்று தமிழகத்திலும் கேரளத்திலும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடந்தது. அதற்கு முன் கேரளப் பட்டியலுக்குள்ளேயே 4 லட்சத்துக்கும் அதிகமான இரட்டைப் பதிவுகள் இருப்பதாக ரமேஷ் சென்னித்தலா உயர்நீதிமன்றம் போனார். ஆணையம் சரிபார்த்துச் சொன்ன எண்ணிக்கை 38,586. அவர் வெளியிட்ட பட்டியலில் இரட்டைப் பிள்ளைகளும் இருந்தார்கள்! நீதிமன்றம் பெயர்களை நீக்கச் சொல்லவில்லை. அப்படிப் பதிவானவர்கள் ஒரு வாக்கு மட்டும் போடுவதை உறுதிசெய்ய, படம் எடுத்து உறுதிமொழி வாங்கச் சொன்னது.

அதுதான் சரியென்று எனக்குப் படுகிறது. இரண்டு வரி பொருந்துவதைக் கணினி நொடியில் காட்டும். இருவரும் ஒருவர்தானா என்பதை யாராவது லயத்துக்கு நடந்துபோய்த்தான் கேட்க வேண்டும். கேட்காமல் அடித்தால் காய் பறிக்கப் போன ஓர் அம்மாவுக்கு இருந்த ஒரே வாக்கும் போய்விடும்.