ஓரெழுத்தின் தில்லிப் பயணம்

தமிழ்நாட்டுப் பள்ளிப் பதிவேட்டில் 'க. முருகன்' என்றிருந்தால், கந்தசாமி மகன் முருகன் என்று வாத்தியாருக்குத் தெரிந்துவிடும். அந்தக் 'க' ஒரு தலைமுறைக்குத்தான். முருகனுக்கு மகள் பிறந்தால் அவள் 'மு. செல்வி'. தாத்தா பெயரை அவள் சுமக்க வேண்டியதில்லை.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடச் சொன்னது. முதலியார், நாடார், பிள்ளை என்று ஒட்டிக்கொண்டிருந்தவை மெல்ல உதிர்ந்தன. மிஞ்சியது தகப்பனின் முதலெழுத்து. ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவர் சாதி தெரிய வேண்டியதில்லை என்ற நிலை, என்னைக் கேட்டால், தமிழர் சாதித்தவற்றுள் பெரியது.

அரசு வேலைக்கு ரயிலேறியவர்களோடு அந்த எழுத்தும் தில்லிக்கு வந்தது. கோல் மார்க்கெட் பக்கம் குடியிருப்பு. பிள்ளைகளுக்கு, ரீடிங் ரோடாக இருந்து மந்திர் மார்க் ஆன சாலையில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி. அந்த வளாகத்துக்குள் இனிஷியல் யாருக்கும் புதிரில்லை. வெளியே எந்த கவுன்ட்டரிலும் “பூரா நாம்?” என்று முழுப் பெயரைக் கேட்பார்கள்.

குடும்பப் பெயர் வைத்தே ஆகவேண்டும் என்ற சட்டம் இந்தியாவில் கிடையாது. ஜப்பான் 1875லும், சயாம் 1913லும், துருக்கி 1934லும் சட்டம் போட்டே அதைச் செய்தன. முஸ்தபா கெமாலுக்கு அத்தாதுர்க் என்ற பெயரைத் துருக்கி நாடாளுமன்றமே கொடுத்தது. இங்கே அந்த வேலையை விண்ணப்பப் படிவம் செய்துவிட்டது. பான் அட்டைக்குக் கடைசிப் பெயர் கட்டாயம், இனிஷியல் செல்லாது. ஆகவே 'க' விரிந்து, இடம் மாறி, 'முருகன் கந்தசாமி' ஆகிறது. வங்கியில் “மிஸ்டர் கந்தசாமி” என்று கூப்பிடுகிறார்கள். எழுந்து போவது முருகன். மகளும் 'செல்வி கந்தசாமி' என்றே பள்ளியில் சேர்ந்தால், ஒரு தலைமுறைக்கான எழுத்து பரம்பரைப் பெயராகிவிடும்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கட்டத்தை நிரப்புவதற்காகத் தாத்தா விட்டொழித்த பட்டத்தைத் தேடியெடுத்துப் போட்டுக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். அதுதான் வலிக்கிறது.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயரை வெறுமையாக விடலாம். ஆனால் அமெரிக்க விசாவில் 'முருகன்' குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும். சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், பெயர் தெரியவில்லை என்பதற்கான மூன்றெழுத்துச் சுருக்கம் நிற்கும். 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதியில்லை என்றது ஐக்கிய அரபு அமீரகம். பிறகு, தந்தை பெயர் பாஸ்போர்ட்டில் இருந்தால் போதும் என்று இறங்கி வந்தது.

ஆதாரில் பெயருக்கு ஒரே கட்டம்தான். முருகன் என்று மட்டும் எழுதினாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். பான் படிவமும் அப்படியே கேட்கட்டும். தகப்பன் பெயருக்குத்தான் அதில் தனி இடம் இருக்கிறதே.