காப்பியம் முதல் இயந்திர நாய் வரை: காவிரிக்கரையில் கிறித்தவப் புனைவும் இளம் வாசகரும்

மிகுபுனைவு என்பது நடப்புலகின் விதிகளுக்குக் கட்டுப்படாத வேறோர் உலகைப் படைத்துக் கதை சொல்லும் வகை. அறிவியல் புனைகதையோ அறிந்த அறிவியலிலிருந்து இனி வரக்கூடியதை ஊகித்து வளர்வது. இவ்விரண்டிலும் கிறித்தவ விசுவாசத்தின் வினாக்களைப் பொதிந்து இளையோருக்குத் தரும் மரபை, 1938இல் செவ்வாய்க் கோளுக்குச் செல்லும் பயணக் கதையையும் 1950 முதல் 1956 வரை நார்னியா நூல்களையும் வெளியிட்ட சி. எஸ். லூயிஸிடமிருந்து தொடங்குவது வழக்கம். தமிழுக்கு அந்தத் தொடக்கம் பொருந்தாது. திருச்சிராப்பள்ளியையும் திருவரங்கத்தையும் நடுவாகக் கொண்டு பார்த்தால், லூயிஸுக்கு இரு நூற்றாண்டுகள் முன்பே இங்குக் கிறித்தவக் கற்பனை வேரூன்றியிருந்ததும், அது பின்னர் இளையோரின் வாசிப்பிலிருந்து விலகிப்போனதும் தெரியவரும்.

இத்தாலியரான வீரமாமுனிவர் (1680–1747) கொள்ளிடத்துக்கு வடக்கே ஏலாக்குறிச்சியில் தங்கிப் பணியாற்றியவர். அவர் 1726இல் முடித்த தேம்பாவணி 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்டது. சூசையப்பரை வளன் என்னும் பெயரில் காப்பியத் தலைவனாக்கியது. நாட்டுப்படலம், நகரப்படலம் என்னும் மரபுக்கிணங்க யூதேயா தமிழ் நிலத்தின் வளத்தோடு அந்நூலில் எழுகிறது. வானவரும் பேய்களும் கதைமாந்தராய் நடமாடுகின்றனர். கேட்போர் ஏற்கெனவே விரும்பிய இலக்கிய வடிவத்துக்குள் புதிய நம்பிக்கை குடியேறியது என்பதே அக்காப்பியத்தின் வெற்றிக்குக் காரணம். பாமரரும் சிறுவரும் சிரித்து மகிழ்ந்த பரமார்த்த குரு கதையையும் அவரே எழுதினார் என்பது அவர் தம் வாசகரை எவ்வளவு விரிவாக எண்ணினார் என்பதைக் காட்டுகிறது.

அடுத்த கட்டம் அறிவியலோடு நேரடியாகத் தொடர்புடையது. 1762 முதல் திருச்சிராப்பள்ளியில் பணியாற்றிப் பின்னர் தஞ்சாவூரில் நிலைபெற்ற ஜெர்மானிய மறைப்பணியாளர் சுவார்ட்ஸ் பாதிரியார், தம் மாணவர்களுக்கு வேதத்தோடு ஐரோப்பிய வானியலும் புவியியலும் கிடைக்கும்படி செய்தார். அவர்களுள் ஒருவரான வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) இயற்றிய பெத்லகேம் குறவஞ்சி, குறத்தி குறி சொல்லும் பழகிய நாடக வடிவில் அமைந்தது. பூமி உள்ளிட்ட கோள்கள் சூரியனைச் சுற்றுகின்றன என்னும் கோபர்னிக்கஸின் கொள்கையும் உலக நாடுகளின் விவரங்களும் அதில் பாட்டாயின. அறிவியல் புனைகதை என்ற பெயர் இதற்குப் பொருந்தாது. ஆயினும் புதிய விண்ணியலையும் விசுவாசத்தையும் ஒன்றோடொன்று மோதவிடாமல் ஒரே மேடையில் ஆடவிட்ட அந்தத் துணிவு, பின்வந்த எந்தத் தமிழ்க் கிறித்தவ நூலிலும் அதே அளவில் காணப்படவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

திருவரங்கத்தின் பங்கு எதிர்பாராத வழியில் வந்து சேர்கிறது. கம்பர் தம் இராமாயணத்தை அரங்கேற்றியது இங்குத் தாயார் சந்நிதி அருகேயுள்ள மண்டபத்தில் என்பதும், வான்மீகத்தில் இல்லாத இரணியன் வதைப் படலத்தைச் சிலர் மறுத்தபோது அங்குள்ள நரசிம்மரான மேட்டழகியசிங்கர் தலையசைத்து அதனை ஏற்றார் என்பதும் மரபுச் செய்திகள். அக்காவியத்தில் தோய்ந்து வளர்ந்த வைணவக் குடும்பத்தவரான எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) 1858இல் திருமுழுக்குப் பெற்றார். ஜான் பன்யனின் மோட்சப் பயணக் கதையைத் தழுவி 3,700க்கும் மேற்பட்ட பாடல்களில் அவர் பாடிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் நூலாயிற்று. இது உருவகக் காப்பியம்: மனிதரும் ஊரும் வழியும் அகவாழ்வின் நிலைகளைக் குறித்து நிற்க, ஆன்மா ஒரு பயணியாய் நடக்கிறது. கிறித்தவக் கம்பர் என்று அவர் போற்றப்பட்டது வெறும் புகழ்ச்சி அன்று. கம்பரின் விருத்த ஓசை அவர் கைக்கு வந்திருந்தது.

இதன்பின் ஓட்டம் தடைப்பட்டது. திருச்சிக்கு அருகேயுள்ள குளத்தூரில் பிறந்த கத்தோலிக்கரான மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1879இல் வெளியிட்ட பிரதாப முதலியார் சரித்திரம் தமிழ் நாவலைத் தொடங்கிவைத்தது என்றாலும், அந்நூல் சென்ற திசை குடும்பமும் நீதியும் சமூகச் சீர்திருத்தமும் ஆகும். இருபதாம் நூற்றாண்டில் திருச்சபைகளின் பதிப்புப்பணி புனிதர் வரலாறு, மறைக்கல்வி, செப நூல், துண்டுப்பிரசுரம் என்பவற்றில் நிலைத்தது. கற்பிப்பதே முதற்கடமை என்றானபோது, முடிவு தெரியாத கதைக்கு அங்கு இடம் சுருங்கியது. விசுவாசக் குறைவு இதற்குக் காரணமில்லை. கதையின்மேல் நம்பிக்கை குறைந்ததே காரணம்.

அதே காலத்தில் திருச்சியின் கிறித்தவக் கல்விக்கூடம் ஒன்று வேறு விளைவைத் தந்தது. இயேசு சபையினர் 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்குக் கொண்டுவந்த தூய வளனார் கல்லூரியில், 1950களின் முற்பகுதியில் அப்துல் கலாமும் எஸ். ரங்கராஜனும் இயற்பியல் பயின்றனர். திருவரங்கத்தில் பாட்டியிடம் வளர்ந்த ரங்கராஜனே பிற்காலத்துச் சுஜாதா (1935–2008). ஆழ்வார்களின் பாசுரமும் இயேசு சபையாரின் இயற்பியல் வகுப்பும் ஒரே இளமையில் சந்தித்ததன் பயன், 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’விலும் அதன் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’விலும் வெளிப்பட்டது. பதின்பருவத்தினர்க்கென்று தனிப் பதிப்புத்துறை தமிழில் அமையாத நிலையில், சிறுவர் இதழ்களைக் கடந்துவிட்ட மாணவர்கள் வார இதழ்த் தொடர்களுக்கே வந்தனர். அவர்களுக்கு அறிவியல் புனைகதையை அறிமுகப்படுத்தியதில் சுஜாதாவுக்கு இணை சொல்வது கடினம்.

அக்கதையின் உட்பொருள் இவ்வாய்வுக்கு முதன்மையானது. பிள்ளை பெறுவதற்கும் அரசு அனுமதி தேவைப்படும் எதிர்கால இந்தியாவில் ஜீவா என்னும் தலைவனை மக்கள் போற்றுகின்றனர். அவனோ ஒளியால் உருவாக்கப்பட்ட பிம்பம். அந்தப் பொய்யை வெளிப்படுத்தும் போராட்டத்தில் நிலா என்னும் இளம்பெண்ணுக்கு ஜீனோ என்ற இயந்திர நாய் துணைநிற்கிறது. தானியேல் நூலில் நெபுகாத்நேசார் நிறுத்திய பொற்சிலையை வணங்க மறுத்து எரியும் சூளையில் போடப்பட்ட மூன்று இளைஞரின் வரலாற்றை மறைக்கல்வி வகுப்பில் கேட்ட எந்தச் சிறுவனுக்கும் சிறுமிக்கும் இக்கதையில் அறிமுகமான ஒன்று புலப்படும். படைக்கப்பட்ட பொருள் தானே சிந்திக்கத் தொடங்கினால் படைத்தவனுக்கும் அதற்கும் என்ன உறவு என்னும் வினாவும் ஜீனோவின் வழியே எழுகிறது. அது தொடக்கநூலின் வினா. கிறித்தவ எழுத்தாளர் எழுதியிருக்கத்தக்க கதையைத் திருவரங்கத்து வைணவர் ஒருவர், தம் சமயத்தையோ பிறர் சமயத்தையோ பரப்பும் நோக்கமின்றி, எழுதிக் காட்டினார்.

இன்று திருச்சியில் ஆங்கிலவழிப் பள்ளி மாணவர்கள் நார்னியாவை மூலமொழியிலேயே படிக்க முடியும். தமிழ்வழி மாணவர்க்கு அதற்கு ஈடான நூல் தமிழில் வேண்டும். கற்பனைக்கு அவர்களிடம் பஞ்சமில்லை. கோடை விடுமுறையில் நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளிகளில் நாடகம் நடிப்பவர்களும் மேடை அமைப்பவர்களும் பெரும்பாலும் பதின்பருவத்தினரே. ஆனால் அந்நாடகங்கள் விடுமுறையோடு முடிந்து அச்சேறாமல் போகின்றன. மொழி சார்ந்த தடையும் குறைந்துள்ளது: 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு இன்றைய உரைநடைக்கு அருகில் நிற்பதால், அதன் சொற்களைக் கொண்டு எழுதப்படும் கதை பள்ளி மாணவருக்கு அயலாகத் தோன்றாது. பதிப்பாசிரியர்கள் ஏற்கவேண்டியது ஒன்று உண்டு: ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் பாடம் எழுதி வைக்காமல், ஐயமும் அச்சமும் கொண்ட ஒரு பதினைந்து வயதுப் பாத்திரத்தை அதன் போக்கில் விட்டு, அடுத்த இதழ் வரை வாசகரைக் காத்திருக்கச் செய்யும் தொடருக்குத் திருச்சபை இதழ்களில் பக்கம் ஒதுக்குவது.