கிறித்தவத்தில் ஓய்வுநாள்

கிறித்தவத்தில் ஓய்வுநாள் என்பது வாரத்தில் ஒரு நாளை அன்றாட வேலைகளிலிருந்து விலக்கி, இறைவழிபாட்டிற்கும் இளைப்பாறலுக்கும் ஒதுக்கும் வழக்கம் ஆகும். யூதர்களின் சபாத்து நாளிலிருந்து இவ்வழக்கம் தோன்றியது. பெரும்பாலான திருச்சபைகள் ஞாயிற்றுக்கிழமையையும், சில சபைகள் சனிக்கிழமையையும் இந்நாளாகக் கொள்கின்றன. எவ்வேலையை அந்நாளில் செய்யலாம், ஓய்வெடுக்க வழியற்றவர் என்ன செய்வது என்பவை நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வரும் கேள்விகளாகும்.

விவிலியத்தில்

பத்துக் கட்டளைகளுள் ஒன்றான ஓய்வுநாள் கட்டளை, ஆறு நாள் உழைக்கவும் ஏழாம் நாள் ஓய்ந்திருக்கவும் பணிக்கிறது. எனவே உழைப்பும் இக்கட்டளையின் ஒரு பகுதியே. பழைய ஏற்பாட்டில் இது இரு இடங்களில், இரு வேறு காரணங்களுடன் தரப்பட்டுள்ளது.

* விடுதலைப் பயணம் (யாத்திராகமம்) 20:8-11 - கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தார்.
* இணைச் சட்டம் (உபாகமம்) 5:12-15 - எகிப்தில் அடிமைகளாயிருந்த இசுரயேலரைக் கடவுள் மீட்டார்.

இரண்டாவது காரணத்தின்படி, விடுதலை பெற்றவர் தம் வேலையாட்களுக்கும் ஓய்வு தரக் கடமைப்பட்டவர். பிள்ளைகள், அடிமைகள், கால்நடைகள், அந்நியர் ஆகிய அனைவருக்கும் இவ்வோய்வு உரியது.

இயேசு ஓய்வுநாளில் நோயாளரைக் குணப்படுத்தியதால் எதிர்ப்புக்கு ஆளானார். பதினெட்டு ஆண்டுகள் கூன் விழுந்திருந்த பெண்ணை அவர் நலமாக்கியபோது, மற்ற ஆறு நாட்களில் வந்து குணம் பெறுமாறு தொழுகைக்கூடத் தலைவர் மக்களிடம் கூறினார். ஓய்வுநாளிலும் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டும் வழக்கத்தைச் சுட்டி இயேசு விடையளித்தார் (லூக்கா 13:10-17). ஓய்வுநாள் மனிதரின் நன்மைக்காக ஏற்பட்டது என்பது அவரது போதனை (மாற்கு 2:27).

சனியும் ஞாயிறும்

இயேசு உயிர்த்தெழுந்த நாள் என்பதால் தொடக்கக் கிறித்தவர்கள் ஞாயிறன்று கூடி வழிபட்டனர். அது அன்று விடுமுறை நாளன்று. கி.பி. 321இல் உரோமைப் பேரரசர் கான்சுடன்டைன், நீதிமன்றங்களும் நகரத் தொழில்களும் ஞாயிறன்று ஓய்ந்திருக்க ஆணையிட்டார். விதைப்புக்குரிய பருவம் தவறிவிடும் என்பதால் உழவர்களுக்கு அவ்வாணை விலக்களித்தது.

1863இல் அமைப்புருப் பெற்ற ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை சனிக்கிழமையைக் கடைப்பிடிக்கிறது. எத்தியோப்பிய மரபுவழித் திருச்சபை இரு நாட்களையும் சிறப்பிக்கிறது.

உழைப்பும் ஓய்வும்

6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் துறவிகளுக்கு வகுத்த ஒழுங்கு, ஞாயிறை வாசிப்புக்கு ஒதுக்கியது. வாசிக்க இயலாதவருக்கு, சோம்பியிராதபடி வேலை தரச் சொன்னது. ஓய்வு வேறு, சோம்பல் வேறு என்னும் பார்வை இதில் வெளிப்படுகிறது. மார்ட்டின் லூதர் 1529இல் எழுதிய பெரிய மறைக்கல்வி நூலில், குறிப்பிட்ட நாளைவிட உழைக்கும் எளியோர் இளைப்பாறி இறைவார்த்தை கேட்பதையே முதன்மைப்படுத்தினார். 1646ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை கடுமையானது. எனினும் இன்றியமையாத பணிகளையும் இரக்கச் செயல்களையும் அது ஏற்றது. மருத்துவம், தீயணைப்பு போன்ற பணிகள் இவ்வகையில் அடங்கும்.

இசுக்காட்லாந்து ஓட்டவீரர் எரிக் லிடல், தகுதிச்சுற்று ஞாயிறன்று நடந்ததால் 1924 பாரிசு ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தில் பங்கேற்கவில்லை. அதே போட்டிகளில் 400 மீட்டரில் தங்கம் வென்றார்.

தற்காலத்தில்

தொழிற்புரட்சிக்குப் பின் ஓய்வுநாள் தொழிலாளர் உரிமையாகவும் பேசப்பட்டது. திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891இல் வெளியிட்ட சுற்றுமடல், ஞாயிறு ஓய்வை முதலாளிகள் மறுக்கலாகாது என வலியுறுத்தியது. ஞாயிறன்று பணிசெய்ய மறுத்த அஞ்சல் ஊழியரின் வழக்கில், 2023இல் ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஊழியரின் சமய வழக்கத்துக்கு இடமளிக்க மறுக்கும் முதலாளி, அதனால் தொழிலுக்குக் கணிசமான சுமை ஏற்படும் என நிறுவ வேண்டும் என்றது.

எனினும் மாற்றுமுறைப் பணியாளர், நாட்கூலிகள் போன்றோருக்கு ஓய்வுநாள் தம் விருப்பத்தால் மட்டும் அமைவதில்லை. குருக்களுக்கும் போதகர்களுக்கும் ஞாயிறே மிகுந்த பணிநாள் என்பதால், அவர்களுள் பலர் வாரத்தின் வேறொரு நாளில் ஓய்வெடுக்கின்றனர்.