முதலில் அளவு, அப்புறம் தண்டவாளம்

ஒரு ரயில் கம்பெனியை உங்கள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

நிலக்கரி எங்கே கிடைக்கிறது, மின் நிலையம் எங்கே இருக்கிறது என்று பார்த்து, நடுவே தண்டவாளம் போடுவீர்கள். சரக்கு எவ்வளவு, தூரம் எவ்வளவு, எத்தனை நாளில் போய்ச் சேர்ந்தது? இந்த மூன்றையும் வைத்துக் கூலி. அவ்வளவுதான் கணக்கு. ஸ்காட்லாந்துக்காரரான கிறிஸ் சாயர் உருவாக்கி, 1994-ல் வெளிவந்த 'டிரான்ஸ்போர்ட் டைகூன்' என்கிற கம்ப்யூட்டர் விளையாட்டின் சாரம் இதுதான்.

போட்டிக் கம்பெனி வரும்வரை எல்லாம் சுகம். அது உங்கள் சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஸ்டேஷன் கட்டும். சரக்கு இரண்டாகப் பிரியும். ஒரே ஊருக்கு இரண்டு பாதை, இரண்டு பாலம், இரண்டு செலவு. பி.காம். படித்தவனுக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

விளையாட்டுதானே என்கிறீர்களா? கொஞ்சம் காட்பாடி வரை வாருங்கள்.

1856 ஜூலை 1. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் விட்டது மெட்ராஸ் ரயில்வே. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். அந்தப் பாதைதான் பிறகு காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று மேற்கே நீண்டது. அகலம் 5 அடி 6 அங்குலம். பிராட் கேஜ்.

1890-களின் தொடக்கத்தில் விழுப்புரத்திலிருந்து வேலூர் வழியாகக் காட்பாடிக்கு வந்து சேர்ந்தது இன்னொரு கம்பெனி. சவுத் இண்டியன் ரயில்வே. அது போட்டது மீட்டர் கேஜ். ஊர் ஒன்று, கம்பெனி இரண்டு, அகலமும் இரண்டு! இந்த வண்டி அந்தத் தண்டவாளத்தில் ஏறாது. விழுப்புரம் பக்கமிருந்து வருகிற மூட்டை ஆம்பூருக்குப் போகணுமா? காட்பாடியில் இறக்கு. மறுபடி ஏற்று. நேரம் போச்சு, கூலி போச்சு.

1951 ஏப்ரல் 14-ம் தேதி சதர்ன் ரயில்வே பிறந்தது. மெட்ராஸ் ரயில்வேயின் வாரிசான மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா, சவுத் இண்டியன், மைசூர் ஸ்டேட் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒன்றாயின. தீர்ந்தது பிரச்னை என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. முதலாளி ஒருவராகிவிட்டார், தண்டவாளம் மாறவில்லை. விழுப்புரம் - காட்பாடி பாதை பிராட் கேஜாக மாற, அதற்கப்புறமும் அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

இப்போது மறுபடி கம்ப்யூட்டருக்கு வருவோம். 2004-ல் ஸ்வீடனைச் சேர்ந்த லுட்விக் ஸ்ட்ரிகியஸ் (பிற்பாடு ஸ்பாட்டிஃபையை உருவாக்கியவர்களில் ஒருவர்) சாயரின் விளையாட்டைப் பிரித்துப் படித்து, 'ஓப்பன் டிடிடி' என்று இலவசமாக வெளியிட்டார். இன்டர்நெட் வழியாக ஒரே வரைபடத்தில் 15 கம்பெனிகள் வரை மோதலாம். ஆனால், சில ஆட்டக்காரர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். எதற்கு மோதணும்? வெவ்வேறு தேசத்து ஆட்கள் எல்லோரும் ஒரே கம்பெனிக்குள் நுழைந்தார்கள். ஒரே கஜானா. ஒரே லாப நஷ்டக் கணக்கு.

முதல் தண்டவாளம் விழுவதற்கு முன்பு அவர்கள் செய்வதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஆளாளுக்கு ஒரு திட்டம் போடுகிறார்கள். ஓட்டெடுப்பு நடக்கிறது. ரயில் எவ்வளவு நீளம், மெயின் லைன் எந்தப் பக்கம், கிளைப் பாதை எங்கே சேரும் என்பதெல்லாம் அப்போதே முடிவாகிவிடுகிறது. வரைபடத்தில் அறிவிப்புப் பலகைகள் நட்டு, அவரவர் வேலையைப் பிரித்துக்கொள்கிறார்கள். இன்னொருவர் போட்ட பாதையைக் கேட்காமல் பிரிப்பது பெரும் தப்பு.

இவர்களை மகாத்மாக்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சிக்னல் விஷயம் அப்படி. இரண்டு சிக்னலுக்கு இடையே ஒரு சமயத்தில் ஒரே ரயில். ஒருவர் ஒரு சிக்னலைத் தப்பாக நட்டால், பின்னால் வருகிற ரயில்களெல்லாம் வரிசையாக நின்றுவிடும். நஷ்டம் எல்லோருக்கும். அதனால்தான் கட்டுவதற்கு முன்பே அத்தனை பேச்சு.

ஆட்டத்தில் தப்பு செய்தால், சுட்டியை நாலு தடவை தட்டிச் சரிசெய்துவிடலாம். காட்பாடியில் அப்படி முடியவில்லை. பேசாமல் போட்ட தண்டவாளத்துக்கான தண்டச் செலவை, மூட்டைக்குச் சொந்தக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டினார்கள்.