அதிபர் கையெழுத்துப் போட்டதும் சட்டமாகிவிடுமா? அமெரிக்கப் பிறப்புக் குடியுரிமை வழக்கு: ஒரு விளக்கம்

2025 ஜனவரி 20. பதவியேற்ற அன்றே அதிபர் டோனல்ட் டிரம்ப் கையெழுத்திட்ட உத்தரவுகளில் ஒன்று, இன்னும் பிறக்காத குழந்தைகளைப் பற்றியது.

அமெரிக்க மண்ணில் பிறந்தாலே அமெரிக்கக் குடியுரிமை உண்டு என்ற நடைமுறையை அது மாற்ற முயன்றது. தாய் சட்டவிரோதமாகவோ தற்காலிக விசாவிலோ அங்கு இருக்கிறார். தந்தை குடிமகனும் இல்லை, நிரந்தரவாசியும் இல்லை. அப்படியென்றால் பிள்ளைக்குக் குடியுரிமை கிடையாது. 30 நாளுக்குப் பிறகு பிறக்கும் குழந்தைகளுக்கு இது பொருந்தும் என்றது உத்தரவு.

தற்காலிக விசா என்றதும் சுற்றுப்பயணிகள்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால் எச்-1பி வேலை விசாவும் அந்தக் கணக்கில்தான் சேரும். அந்த விசா பெறுவோரில் பெரும்பாலோர் இந்தியர்கள். நிரந்தரவாசத் தகுதிக்குப் பல ஆண்டுகள் வரிசையில் நிற்கிறார்கள். அதற்குள் கல்யாணம், குழந்தை என்று வாழ்க்கை நகர்ந்துவிடும். டெக்சஸிலோ நியூ ஜெர்சியிலோ உங்களுக்கு அக்காவோ சித்தப்பா மகனோ இருந்தால், இந்தச் செய்தி வீட்டு வாட்ஸ்அப் குழுவில் வந்திருக்கும்.

(சிங்கப்பூரில் பிறந்தால் மட்டும் குடியுரிமை கிடைத்துவிடாது, பெற்றோரில் ஒருவராவது சிங்கப்பூரராக இருக்கவேண்டும். அதனால் "இதில் என்ன பெரிய பிரச்சினை?" என்று உங்களுக்குத் தோன்றலாம். பிரச்சினை குடியுரிமைக் கொள்கை மட்டுமல்ல. அதை யார் மாற்றலாம் என்பதும்தான்.)

உத்தரவு வேறு, சட்டம் வேறு

அமெரிக்காவில் சட்டம் இயற்றுவது நாடாளுமன்றம். பிரதிநிதிகள் சபையும் செனட் சபையும் நிறைவேற்றிய பிறகுதான் மசோதா அதிபரின் மேசைக்கு வரும். நிர்வாக உத்தரவு அப்படியல்ல. தம் கீழ் வேலை செய்யும் அரசாங்க அமைப்புகளுக்கு அதிபர் தரும் கட்டளை அது. இந்த உத்தரவும் அத்தகைய பிள்ளைகளுக்குக் குடியுரிமை ஆவணம் தரக்கூடாது என்றுதான் அதிகாரிகளுக்குச் சொன்னது.

இரண்டுக்கும் மேலே இருப்பது அரசமைப்புச் சட்டம். அதன் 14ஆவது திருத்தம், அமெரிக்காவில் பிறந்து அதன் ஆளுகைக்கு உட்பட்ட அனைவரும் குடிமக்கள் என்கிறது. கறுப்பினத்தவர் குடிமக்கள் ஆகவே முடியாது என்று 1857இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, 1868இல், அந்த அநியாயத்தைத் துடைக்க வந்த வரி இது.

"ஆளுகைக்கு உட்பட்ட" என்ற சொற்களில்தான் இப்போது சண்டை. நிரந்தரமாகத் தங்கும் உரிமை இல்லாதவர்களின் பிள்ளைகள் அதில் அடங்கமாட்டார்கள் என்பது டிரம்ப் அரசாங்கத்தின் வாதம். வெளிநாட்டுத் தூதர்களின் பிள்ளைகள் போன்ற சிலருக்கு மட்டுமே அது விலக்கு என்பது எதிர்த்தரப்பின் வாதம்.

எதிர்த்தரப்பின் கையில் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. வோங் கிம் ஆர்க் என்பவர் சான் ஃபிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர், தொழில் சமையல். சீனாவுக்குப் போய்விட்டு 1895இல் திரும்பியவரை "நீ குடிமகன் இல்லை" என்று அதிகாரிகள் இறங்கவிடவில்லை. துறைமுகத்தில் மாதக் கணக்கில் கப்பல்களிலேயே அடைத்து வைத்தார்கள். சீனர் குடியேற்றத்தைத் தடுக்கும் சட்டம் அமலில் இருந்த காலம் அது. 1898இல் உச்ச நீதிமன்றம் 6-2 என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அவருடைய பெற்றோர் அங்கேயே குடியிருந்தவர்கள். அதனால் தற்காலிகமாக வந்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது என்கிறது அரசாங்கம்.

வழக்குப் போட்டது யார்?

"எனக்குப் பிடிக்கலை" என்று யார் வேண்டுமானாலும் நீதிமன்றத்துக்குப் போகமுடியாது. உங்களுக்கு நேரடிப் பாதிப்பு இருக்கவேண்டும். இங்கே கர்ப்பிணிப் பெண்களும் குடியேறிகளுக்கான அமைப்புகளும் வழக்குத் தொடுத்தார்கள். கூடவே 22 மாநிலங்களின் தலைமைச் சட்ட அதிகாரிகளும்.

இந்த மாநில அதிகாரிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். பெரும்பாலான மாநிலங்களில் அவர்களை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாக்குச்சீட்டில் அதிபர், ஆளுநர் பெயர்களுக்கெல்லாம் கீழே இருக்கும் ஒரு வரி. நாம் தொலைக்காட்சியில் பார்ப்பது மேல் வரியை மட்டும்தான்.

22 பேரும் ஜனநாயகக் கட்சிக்காரர்கள். அதற்காக இது ஒரு கட்சியின் தந்திரம் என்று நினைக்கவேண்டாம். ஒபாமாவின் குடிநுழைவுத் திட்டத்தை 2015இல் டெக்சஸ் தலைமையில் 26 மாநிலங்கள் இதே வழியில் நிறுத்தின. சாதகமான நீதிபதி எங்கே கிடைப்பார் என்று பார்த்து வழக்குப் போடுவது இரு தரப்புக்கும் பழக்கம்தான்.

ஒரே நீதிபதி நாடு முழுக்க நிறுத்தலாமா?

உத்தரவு வந்த மூன்றே நாளில் சியாட்டல் நகரின் கூட்டரசு நீதிபதி அதற்குத் தற்காலிகத் தடை விதித்தார். இது வெளிப்படையாகவே அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்றார். அவரை நியமித்தது குடியரசுக் கட்சியின் ரோனல்ட் ரேகன். கூட்டரசு நீதிபதிகளை அதிபர் நியமிக்கிறார், செனட் உறுதிப்படுத்துகிறது. அதன்பிறகு ஆயுள்காலப் பதவி. நியமித்தவருக்குக் கடன்பட்டிருக்கத் தேவையில்லை.

மேரிலேண்டிலும் மாசசூசெட்ஸிலும் நாடு தழுவிய தடைகள் வந்தன. அங்கேதான் அரசாங்கம் வேறு கேள்வியைக் கையில் எடுத்தது. உத்தரவு சரியா தவறா என்பதை விட்டுவிட்டு, "ஒரு மாவட்ட நீதிபதி நாடு முழுக்கத் தடை போடலாமா?" என்று உச்ச நீதிமன்றத்தில் கேட்டது. கெட்டிக்காரத்தனமான கேள்வி.

2025 ஜூன் 27இல் பதில் வந்தது: 6-3. வழக்குத் தொடுத்தவர்களுக்குத் தேவையான அளவைத் தாண்டித் தடை விதிக்கும் அதிகாரம் நீதிபதிகளுக்கு இல்லை.

"பிறப்புக் குடியுரிமை ரத்து" என்று அன்றைக்குப் பலர் பகிர்ந்தார்கள். அது தவறு. குடியுரிமை பற்றி நீதிமன்றம் ஒன்றுமே சொல்லவில்லை. ஆனால் பயம் நியாயமானது. வழக்குப் போட்ட 22 மாநிலங்களில் பிறந்தால் குடிமகன், மற்ற 28இல் பிறந்தால் இல்லை என்ற நிலை வந்துவிடுமா? பிரசவத்துக்கு எந்த மாநிலத்துக்குப் போவது?

கதவு ஒன்று மூடியதும்

தீர்ப்பு வந்த அன்றே வழக்கறிஞர்கள் வேறு வழியில் போனார்கள். கூட்டு வழக்கு. ஒரே பாதிப்புக்கு ஆளானவர்கள் அனைவர் சார்பிலும் சிலர் மட்டும் வழக்காடும் முறை அது. ஜூலை 10இல் நியூ ஹாம்ப்ஷயர் நீதிபதி, உத்தரவால் பாதிக்கப்படும் குழந்தைகளை ஒரே தரப்பாக ஏற்றுக்கொண்டு தடை விதித்தார். குழந்தைகளே வழக்கின் தரப்பு என்றால், தடை அவர்கள் எல்லாருக்கும் பொருந்தும்தானே! நாடு தழுவிய பாதுகாப்பு வேறு பெயரில் திரும்பி வந்தது. அதே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2-1 என்று உத்தரவே செல்லாது என்றது.

நீதிமன்றத்திடம் படை இல்லை, பணம் இல்லை. இருந்தும் 1952இல், கொரியப் போர் நடந்துகொண்டிருந்தபோது, எஃகு ஆலைகளைக் கைப்பற்றிய அதிபர் ட்ரூமனுக்கு எதிராகத் தீர்ப்பு வந்ததும் அவர் ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார்.

நீதிமன்றத்தில் தோற்றால் அதிபருக்கு வேறு வழி உண்டா? அரசமைப்புச் சட்டத்தையே திருத்தலாம். வழக்கமான பாதையில் அதற்கு இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும், 50 மாநிலங்களில் 38இன் ஒப்புதலும் வேண்டும். இன்றைய அரசியலில் நடக்கிற காரியமா என்று நீங்களே யோசியுங்கள்.

2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அடிப்படைக் கேள்வியையே விசாரிக்க ஒப்புக்கொண்டது. ஒன்பது நீதிபதிகளில் நான்கு பேர் சம்மதித்தாலே ஒரு வழக்கை எடுத்துக்கொள்ளலாம். இரு தரப்பும் முதலில் எழுத்து வடிவில் வாதங்களைத் தரும். பிறகு நேரடி வாதம். முக்கியமான தீர்ப்புகள் பெரும்பாலும் ஜூன் கடைசியில் வெளிவரும். அந்த மன்றத்துக்குள் கேமராவுக்கு அனுமதி இல்லை. ஆனால் வாதங்களின் ஒலியை நீதிமன்ற இணையத்தளத்தில் நேரலையாகக் கேட்கலாம். அங்கே காலை 10 மணி என்றால் நமக்கு இரவு 10 அல்லது 11.